மேல்வரிசையில் ஒரு பல்

மார்ச் 4

அண்ணனுக்கு,

ஒரு வருடமாகக் கடுதாசி போடாதவள் இப்போது போடுகிறாளே என்று உறையைக் கிழிக்கும்போதே நினைத்திருப்பாய். சமாதானத்துக்காக எழுதவில்லை. ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. அதை உன்னைவிட நன்றாகச் செய்கிற ஆள் எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

இத்துடன் ஒரு பிலிம் ரோல் இருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சரின் கேமராவை வாங்கி நானே எடுத்தேன். முப்பத்தாறில் நாலைந்து தேறினால் அதிகம். உன் மருமகள் ஒரு இடத்தில் நிற்கிற பிறவி இல்லை. பதிமூன்று மாதம் முடிந்துவிட்டது. இங்கே எல்லோரும் அவளை 'விசில்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆபரேஷன் ஆன பிறகும் மூச்சு விடும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வருகிறது. வேறு யாராவது கேலியாக அந்தப் பெயரை வைப்பதற்குள் நானே வைத்துவிட்டேன்.

அவள் வாயைத் திறந்து சிரிக்கிற படம் ஒன்றிருக்கும். முகம் மட்டும் பெரிதாக, பல் தெளிவாகத் தெரிகிற மாதிரி பிரிண்ட் போட்டு, உங்கள் ஊர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆபரேஷன் செய்த மூக்கு டாக்டரிடம் நீயே நேரில் கொடுக்க வேண்டும். மேல்வரிசைப் பல் முளைத்ததும் அப்படி ஒரு படம் வேண்டும் என்று எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்றே அவர் கேட்டிருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது இருபது நாள். மேலுதட்டைத் தூக்கி, உள்ளே மூக்கு வாசல் எலும்பைக் கடைந்து அகலமாக்கி, இரண்டு துவாரத்திலும் குழாய் வைத்திருந்தார்கள். தாய்மாமன் நீ கழுத்தில் கேமராவோடு வந்தாய். அவளைப் பார்த்தாய். கேமராவின் மூடியைக் கழற்றவே இல்லை. "இப்ப எடுக்க வேணாம் குட்டி. குழாயெல்லாம் எடுத்தப்புறம் பாத்துக்கலாம். யாராவது கேட்டா சளி அடைப்புன்னு சொல்லிடு" என்றாய்.

சளி! பதினொரு மில்லிமீட்டராவது இருக்க வேண்டிய வாசல் அவளுக்கு ஏழுதான் இருந்தது. நாள் பூராவும் குழாய்த் துண்டுகளின் துளையை அளந்து சம்பளம் வாங்குகிறவள் நான். நாலு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? பிறந்த பிள்ளைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாது, அழும்போது மட்டும்தான் வாய் திறக்கும். பால் குடித்தால் நீலமாவாள், வீறிட்டு அழுதால் சிவப்பாவாள். அழு, அழு என்று பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பெயர் சளி இல்லை.

படம் போட்டதும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

குட்டி


மார்ச் 15

அன்புள்ள குட்டிக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றால் எப்படி? ஒரு வருடத்துக்கு அப்புறம் உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்து மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் திட்டுதான், இருந்தாலும் படித்தேன்.

படங்களைப் பற்றி முதலில் சொல்கிறேன். இனிமேல் ஞாபகம் வைத்துக்கொள், வெளிச்சம் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தால் முகம் கரியாகத்தான் விழும். பதினோராவது படம் மட்டும் அருமை. இருட்டறையில் தாள் ஊறிக்கொண்டிருந்தபோது முதலில் நெற்றி தெரிந்தது. அப்படியே நம் அப்பாவின் நெற்றி. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரிதாக இரண்டு பிரிண்ட் போட்டேன். கொஞ்சம் டச்சிங் செய்திருக்கிறேன், சட்டையில் பால் கறை, அது இது. நம் கடைப் படம் என்றால் அதற்கென்று ஒரு பேர் இருக்கிறது அல்லவா? ஒன்றை நேற்று டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் நின்றபடியே பார்த்து, "ஓ, நம்ம பொண்ணா? ரொம்ப நல்லா இருக்கா. கவலைப்பட ஒண்ணுமே இல்லன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. அடுத்த வருஷம் ஒரு தடவ கூட்டிட்டு வந்தா போதும்" என்றார். போதுமா உனக்கு? இன்னொரு பிரிண்டை அட்டையில் ஒட்டிக் காய வைத்திருக்கிறேன். பார்சலில் வரும்.

சளி என்று சொன்னது உன்னை இத்தனை நாள் குத்திக்கொண்டிருக்கும் என்று நினைக்கவில்லை. ஊர் வாயிலிருந்து உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன். என் பிழைப்பே அதுதானே, குட்டி. மரு, தழும்பு, மாறுகண் எல்லாவற்றையும் பிரஷ் முனையில் சரி செய்து அனுப்புகிறேன். இருபது வருடத்தில் ஒருத்தர்கூட என் மருவை எங்கே என்று கேட்டுச் சண்டைக்கு வந்ததில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

டாக்டர் சொன்னதைப் படித்ததும் தொழிற்சாலையில் என் மேஜையிலேயே உட்கார்ந்து அழுதேன். மேற்பார்வையாளர் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்து எனக்கு அரை நாள் லீவு கொடுத்தார். நான் ஏன் மறுக்கப் போகிறேன்? வாங்கிக்கொண்டேன்.

இங்கே கிளினிக் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பிள்ளை உயரம் ஏறவில்லையாம். எட்டாம் மாதம் தைத்த சட்டை இன்னும் சரியாக இருப்பது உண்மைதான். காலையில் எழுப்பினால் சோர்ந்து சோர்ந்து விழுகிறாள். ஆனால் பெரிய டாக்டரே பல்லைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்த எனக்கு மனசில்லை. "பாக்க வேண்டியவரு பாத்துட்டாரு" என்று நர்ஸின் வாயை அடைத்துவிட்டேன்.

ஊரில் ஆளாளுக்கு எங்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறார்கள். இருக்கிற இடத்தையெல்லாம் அவர்களே எடுத்துக்கொண்டதால்தான் என் பிள்ளைக்கு இடம் பத்தாமல் போனதோ என்று இவரிடம் சொன்னேன். இவர் வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

பார்சல் வரட்டும். சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

குட்டி


ஏப்ரல் 9

பார்சல் வந்தது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அஞ்சாம் தேதி விசிலுக்குக் காய்ச்சல். பெரிய காய்ச்சல்கூட இல்லை. ஆறாம் தேதி காலை எழுப்பினேன், எழவில்லை. தூக்கினால் தலை என் கையிலிருந்து பின்னால் தொங்கியது. உடம்பு ஈரத்துணி மாதிரி கிடந்தது. கண் மேலே செருகி, ஒரு பக்கக் கை வெட்டி வெட்டி இழுத்தது. தொழிற்சாலை வேனில் ஓடினோம். ரத்தத்தில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற அளவுக்குக் குறைந்திருந்தது.

வார்டில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றிக்கொண்டே, கட்டை விரலால் அவள் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். "நடுவுல ஒரே ஒரு பல்லுதானே இருக்கு? பிறந்தப்ப மூக்கு வழி சின்னதா இருந்துச்சா?" என்றாள். யாரும் சொல்லாமலே கேட்டாள், அண்ணா. அந்த ஒரு பல்லைப் பார்த்தே கேட்டாள். "பெரிய டாக்டர் படத்தைப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே" என்றேன். "படத்துல இது தெரியாமப் போக வாய்ப்பே இல்லையே" என்றாள். நான் பெரிய டாக்டரைத் திட்டினேன். மூன்று நாளும் வார்டில் உட்கார்ந்து, நல்லது செய்த அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இன்று மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். உன் பார்சல் கதவில் சாய்ந்து நின்றது.

பிரித்தேன். மேல்வரிசை நடுவில் இரண்டு பல். வரிசையாக, அழகாக. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இருக்கிற பல்லுக்கு நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் துளி வெள்ளை. மயிரிழையாய்ப் போட்டிருக்கிறாய். உன் கை.

பிறந்தபோது எடுத்த ரத்தத்தில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் மேலே நடுப்பல் ஒன்றே ஒன்றாக முளைத்தால் மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பியை மறுபடி சோதிக்க வேண்டும், சில பிள்ளைகளுக்கு அது போகப் போகத்தான் காலை வாரும் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். படம் கேட்டது அதற்குத்தான். முளைத்தது நடுப்பல்லா, அதற்கு ஜோடி பின்னால் வருமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அவர் கண்ணை நம்பினேன். என் மகள் உடம்பு தன் குறையைத் தானே வெளியே எடுத்துக் காட்டியது. நீ அதைப் பூசி மெழுகிவிட்டாய்.

எங்கள் தொழிற்சாலையில் வார்ப்பில் விரிசல் விட்ட துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவோம், யார் மேலும் கோபம் இல்லை. விரிசலில் மாவு அடைத்துத் தேய்த்து நல்ல துண்டோடு சேர்த்து அனுப்பினவனை மட்டும் அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். அப்படிப்பட்ட துண்டுதான் யார் வீட்டிலோ வெடிக்கும்.

சளி என்றாய், ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். இதற்கு அப்படி இருக்க மாட்டேன். கத்துவேன். நீ உண்மையான படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. உன் வாயாலேயே சொல். சொல்லிவிட்டு எனக்கு எழுது. அதுவரை எனக்கு அண்ணன் இல்லை.

ஆணியைப் பிடுங்கிவிட்டேன்.


ஏப்ரல் 18

குட்டி,

போனேன். சொன்னேன்.

இரண்டு பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். புதிதாகப் போட்ட திருத்தாத படம் மேலே, டாக்டரிடம் கொடுத்ததைப் போலவே அப்போது திருத்தி எனக்கென்று வைத்துக்கொண்ட சின்ன நகல் கீழே. என் முறை வருவதற்குள் நாலு தடவை கீழே இருந்ததை மேலே மாற்றி வைத்தேன். "தப்பு உங்களோடதில்ல சார், என்னோடது. நான் ஒரு பல்லு வரைஞ்சுட்டேன்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேஜையிலிருந்து லென்ஸை எடுத்துப் பார்த்தார். "வேலை ரொம்ப சுத்தம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இருபது வருடமாக யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். திட்டியிருந்தாலாவது வீட்டுக்கு வந்து சோறு தின்றிருப்பேன்.

அப்புறம் எனக்கும் விளக்கினார். வயிற்றில் முதல் இரண்டு மாதத்துக்குள் முகத்தின் நடுப்பகுதியும் மூளையின் நடுப்பகுதியும் சேர்ந்தே உருவாகுமாம். அங்கே ஒரு இடத்தில் தடுமாறினால் மூக்கு வாசல், நடுப்பல், சுரப்பி என்று ஒரே கோட்டில் தடுமாறலாம். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாமும் வராது, ஆனால் ஒன்றைப் பார்த்தால் மற்றதைத் தேட வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரிக்கு என்னென்ன சோதனை என்று அவரே எழுதித் தந்திருக்கிறார். இத்துடன் இருக்கிறது. நின்றபடி படம் பார்த்தது என் தப்பு என்று அவரும் சொன்னார். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதினால் நீ நம்புவாயா? பால் கறையை எடுத்த பிரஷ் கையில் இருந்தது. பல் கொஞ்சம் விசித்திரமாகத் தெரிந்தது. கை பழக்கத்தில் போய்விட்டது. கோடு போட்ட பிறகுதான் போட்டேன் என்றே தெரிந்தது. ஆனால் தெரிந்த பிறகும் கழுவவில்லை. இது நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டரும் சந்தோஷப்படட்டும், இன்னொரு தடவை அவளை அறுக்க வேண்டாம் என்று நினைத்தேன். முதல் பாதி கையின் குற்றம். இரண்டாவது பாதி முழுக்க என்னுடையது.

ஒரு முடிவு செய்திருக்கிறேன். கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் பத்து வருடமாக இருக்கிற கல்யாண ஜோடிப் படத்தை எடுத்துவிட்டு, விசிலின் திருத்தாத படத்தை வைக்கப் போகிறேன். ஒற்றைப் பல்லோடு. முதலாளி முறைக்கிறார், முறைக்கட்டும். ஊரே பார்க்கட்டும்.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது.

அண்ணன்


மே 3

அண்ணனுக்கு,

ஒரு வரி: பிழைத்துவிட்டாள்.

இனி மற்றது. கண்ணாடிப் பெட்டியில் அவள் படத்தை வைத்தாயானால் நானே பஸ் ஏறி வந்து கண்ணாடியை உடைப்பேன். முதலில் ஊருக்காக மறைத்தாய். இப்போது ஊருக்காகக் காட்டப் போகிறாய். இரண்டிலும் அவள் எங்கே? உன் மனசாட்சிக்கு என் மகள் விளம்பரப் பலகை இல்லை.

சோதனை எல்லாம் முடிந்தது. மூளைப் படத்தில் அந்தச் சுரப்பி இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இரண்டு ஹார்மோன் பத்தவில்லை. ஒன்று உடம்பு காய்ச்சலைத் தாங்க வேண்டியது, இன்னொன்று வளர வேண்டியது. முதலாவதுக்கு தினம் மூன்று வேளை மாத்திரை, காய்ச்சல் வந்தால் மூன்று மடங்கு, வாந்தி எடுத்தால் உடனே ஊசி. இரண்டாவதுக்கு தினமும் சாயந்திரம் ஊசி. போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். முதல் நாள் என் தொடையில் வெறும் ஊசியைக் குத்திப் பார்த்துக்கொண்டேன். இவர் மயங்கி விழுந்தார்.

தொழிற்சாலைக் குழந்தைகள் காப்பகத்தில் அவளை இனிச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். "இந்த மாதிரிக் குழந்தைக்கு எங்களால பொறுப்பு ஏத்துக்க முடியாதும்மா, பாவம்" என்றார் பொறுப்பாளர். "என்ன மாதிரி?" என்று கேட்டேன். அவர் பதிவேட்டை மூடினார். "பாவம்னு சொல்றத விட்டுட்டு, காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்னு கேளுங்க. ரெண்டு வரியில சொல்றேன்" என்றேன். கேட்கவில்லை. நேற்று முழுக்க விசிலை இடுப்பில் வைத்துக்கொண்டே துளை அளந்தேன். மேற்பார்வையாளர் வந்தார், முறைத்தார். நானும் முறைத்தேன். இன்றும் அப்படித்தான். என் பகுதியில் இருக்கிற பதினாறு பெண்களும் நாளைக்குத் தங்கள் பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கேதான் உன் வேலை வருகிறது. கைக்கு அடக்கமாக அட்டை வேண்டும். ஒரு பக்கம் பதினோராவது படம், திருத்தாதது, பல் தெரிய வேண்டும். மறுபக்கம் கொட்டை எழுத்தில் நான் இத்துடன் எழுதி அனுப்புகிற ஏழு வரி. தண்ணீர் பட்டாலும் அழியக் கூடாது. காப்பகத்துக்கு, கிளினிக்குக்கு, டீச்சருக்கு, வேன் டிரைவருக்கு. அவளைத் தூக்குகிற ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியட்டும். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க அவசியமில்லை.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும், பிடிக்காவிட்டாலும். படம் எதற்கு என்று முதல் கடிதத்தில் உனக்கு எழுதியிருந்தால் நீ அந்தப் பல்லைத் தொட்டிருக்க மாட்டாய். கட்டாயமில்லை என்று எழுதினேனே, அது என் திமிர். நர்ஸ் சொன்னதைக் கேட்காமல் வாயை அடைத்ததும் நான்தான். உன்னைத் திட்டியதில் ஒரு வார்த்தையும் திரும்ப வாங்கப் போவதில்லை. ஆனால் என்னையும் திட்டிக்கொண்டேன் என்று தெரிந்துகொள்.

குட்டி


மே 20

குட்டி,

அட்டை முப்பது. நீ எத்தனை என்று எழுதவில்லை. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டேன். எழுத்து நிற்கிறது. பின்பக்கத்து மாத்திரை அளவை டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை அவர் உட்கார்ந்து படித்தார். கண்ணாடிப் பெட்டியில் கல்யாண ஜோடியே இருக்கிறது. நீ சொன்னது சரி.

உறைக்குள் இன்னொரு படம் இருக்கும். அதை நீ பார்த்ததில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் நான் மூடியைக் கழற்றவில்லை என்று எழுதினாயே, கழற்றினேன். நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். ஒரே ஒரு படம். மூக்கில் இரண்டு குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, கண் நேராக என்னைப் பார்க்கிறது. குழாய் இரண்டையும் எடுத்துவிட்டு உனக்குக் கொடுத்து அசத்தலாம் என்று நினைத்தேன். பிரிண்ட் போட்டு எத்தனையோ நாள் மேஜையில் வைத்து பிரஷை எடுத்தேன். முடியவில்லை. குழாயை அழித்தால் அந்த இடத்தில் ஒரு மூக்கு வரைய வேண்டுமே. அவள் மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, குட்டி. பக்கத்தில் நின்றேனே தவிர, குழாயைத் தாண்டி அவளை நான் பார்க்கவே இல்லை. அப்படியே அனுப்புகிறேன்.

காப்பகம் என்ன ஆயிற்று?

அண்ணன்


செப்டம்பர் 12

அண்ணா,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபத்தினால் இல்லை. நேரமில்லை.

பதினாறு பெண்களும் பிள்ளைகளோடு வந்தார்கள். ஒருத்தியின் பயல் கன்வேயர் பெல்ட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். மத்தியானத்துக்குள் மேனேஜர் இறங்கி வந்தார், காப்பகக் கதவு திறந்தது. பொறுப்பாளர் இப்போது உன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறார். ஜூலையில் விசிலுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. எனக்கு ஆள் அனுப்பும் முன்பே அட்டையைப் பார்த்து மூன்று மடங்கு மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். நான் ஓடிப் போனபோது அவள் உட்கார்ந்து கரண்டியால் தட்டை அடித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

தொழிற்சாலை எஃகு அளவுகோலை இரவல் வாங்கிக் கதவு நிலையில் அவள் உயரத்தைக் குறிக்கிறேன். ஊசி ஆரம்பித்த நாலு மாதத்தில் நாலு சென்டிமீட்டர். எட்டாம் மாதச் சட்டை இப்போது அடுப்படியில் கைப்பிடித் துணி.

ஆணியை மறுபடி அடித்துவிட்டேன். குழாய்ப் படம்தான் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் மறுபடி படத்தின் பக்கம் திரும்பும் வரை நான் பேச்சை ஆரம்பிப்பதில்லை. விசில் அந்தப் படத்தைத் தினமும் பார்க்கிறாள். குழாயைக் காட்டிவிட்டுத் தன் மூக்கில் விரலை விட்டுக்கொண்டு, பெரிய சாதனை செய்தவள் மாதிரிச் சிரிக்கிறாள். செய்தவள்தானே?

லீவு போட்டுவிட்டு வா. கேமராவைக் கொண்டுவா, பிரஷைக் கடையிலேயே பூட்டிவிட்டு வா. அவள் மூக்கு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்துக்கொள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதிதாக யார் வந்தாலும் விரலைப் பிடித்துக் கடிக்கிறாள். மேலே நடுவில் இருப்பது ஒரே பல்தான், ஆனால் நன்றாக இறங்கும். உன் விரலில் விழப்போகும் அந்த ஒற்றைத் தடத்தை டச்சிங் செய்யாமல் ஒரு படம் எடுத்து எனக்குக் கொடு.

உன் தங்கை